பெயர் எழுதிக் கொடுத்தவள்

பெயர் எழுத வேண்டாம் என்று மேலே பெரிதாக அச்சிட்டிருந்த தாளில் தன் முழுப்பெயரையும் எழுதிக் கொடுத்த ஒருத்தியை எனக்குத் தெரியும்.

சார்ஸ் காய்ச்சல் ரொறன்ரோவைக் கலக்கிவிட்டுப் போனதற்கு அடுத்த ஆண்டு. மொன்றியலில் பெரியவர்களுக்கான ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் துணைத்தாதியர் படிப்புக்கு நான் சேர்ந்திருந்தேன். கிருமிப் பாதுகாப்பைப் பற்றி மாணவர்களுக்கு என்ன தெரியும், தெரிந்ததில் எவ்வளவைச் செய்கிறார்கள் என்று அறிய எங்கள் ஆசிரியை ஒரு கேள்வித்தாள் தந்தார். அவரை நாங்கள் மதாம் என்றே அழைப்போம். பாவித்த ஊசிக்கு மூடி போடுகிறீர்களா? கையுறையைக் கழற்றியபின் கை கழுவுகிறீர்களா? ஊசி குத்திவிட்டால் உடனே அறிவிப்பீர்களா? எதிரே மூன்று கட்டங்கள்: எப்போதும், சில வேளைகளில், ஒருபோதும் இல்லை. எந்தக் கட்டத்தில் புள்ளடி போட்டால் மதாமுக்குச் சந்தோஷம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நானும் அங்கேயே போட்டேன். வீட்டில் குழந்தையின் போத்தலை மூன்று தரம் கொதிக்கவைக்கிறவள் நான், என் பதில் பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மதாம் தாள்களை மேசையில் தட்டி அடுக்கினார். "இந்த வகுப்பு முழுக்கப் புனிதர்கள். அப்படியென்றால் நகரத்து ஆஸ்பத்திரிகளில் இப்போது பரவுகிற வயிற்றோட்டக் கிருமியை யார் காவிக்கொண்டு திரிகிறார்கள்?" என்றார். பிறகு ஒரு தாளை மட்டும் உயர்த்தினார். "ஒருவர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருக்கிறார். பெயரைச் சொல்லமாட்டேன்."

"அது என்னுடையது, மதாம்" என்று எனக்குப் பக்கத்திலிருந்தவள் பிரெஞ்சில் சொல்லிக் கையை உயர்த்தினாள்.

சில வேளைகளில், சில வேளைகளில் என்று பாதிக் கேள்விகளுக்குப் புள்ளடி போட்டிருந்தாள். ஓரத்தில் விளக்கமும் இருந்தது. போன மாதம் பயிற்சியில் இரண்டு தரம் ஊசிக்கு மூடி போட்டேன், அவசரம். ஒரு நாள் கை கழுவவில்லை, தண்ணீர் அளவுக்குமீறிக் குளிர்ந்தது. வகுப்பு சிரித்தது. பின்வரிசையில் இருந்த ஹெயிட்டிக்காரப் பெண், "பாருங்கள், தன்னைத்தானே பிடித்துக்கொடுக்கிற பொலிஸ்!" என்றாள். அந்தப் பெயர் அவளோடு ஒட்டிக்கொண்டது. அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினாள்.

அவளுடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதாமல் விடுவது அவளுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும்தான்.

மன்னாரிலிருந்து பன்னிரண்டு வயதில் வந்தவள். அப்போது இருபத்திரண்டு. தாயோடு மொன்றியலின் வில்லரேப் பகுதியில் ஒரு டெப்பனருக்கு, அதாவது தெருமுனைச் சில்லறைக் கடைக்கு, மேல் மாடியில் இருந்தாள். பிரெஞ்சை இந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரிப் பேசுவாள், தமிழைத் தன் தாய் மாதிரிப் பேசுவாள். புருவம் மேலே இழுபடும் அளவுக்குத் தலைமயிரை இறுக்கிக் கட்டியிருப்பாள். அதனால் எந்நேரமும் எதையோ கேட்டு ஆச்சரியப்பட்டவள் போலத் தெரியும். உண்மையில் அவள் எதற்கும் ஆச்சரியப்பட்டு நான் கண்டதில்லை. எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. வீட்டில் பால்குடி மறவாத பெண்குழந்தை. வகுப்பில் தமிழர் நாங்கள் இருவர்தான் என்பதால் மதாம் எங்களைச் சோடியாக்கிவிட்டார். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

கை கழுவும் பாடத்தில் ஒரு பரிசோதனை உண்டு. கழுவுவதற்கு முன்னும் பின்னும் விரல்களை ஒரு வட்டத் தட்டிலுள்ள கூழில் பதித்து, இரண்டு நாள் சூட்டில் வைத்துவிட்டுப் பார்ப்பது. என் தட்டில் கழுவியபின் பதித்த பக்கத்தில்தான் அதிகமாக முளைத்திருந்தது, வெள்ளையும் மஞ்சளுமாக, பூந்தி கொட்டியது போல. கழுவிய கையாலேயே குழாயைப் பூட்டியிருக்கிறேன். அந்தக் கையாலா காலையில் பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்டினேன்? அவளுடைய தட்டு கண்ணாடி மாதிரித் துப்புரவாக இருந்தது. மதாம் அதை எல்லோருக்கும் காட்ட எடுத்தபோது அடியில் ஒட்டியிருந்த சீட்டை வாசித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "இரண்டு தரம் கழுவினேன். ஆகவே இதைக் கணக்கில் எடுக்கக்கூடாது" என்று அவள் எழுதி ஒட்டியிருந்தாள்.

"ஏன் உதைச் சொன்னனீ? ஆர் பாத்தது?" என்று கேட்டேன்.

"நான் பாத்தன்தானே அக்கா."

பெரிய தத்துவம் சொல்வதாக அவள் முகத்தில் ஒன்றும் இராது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலத்தான் இதையும் சொல்வாள்.

மதிய இடைவேளையில் நான் கழிவறைக்குள் பூட்டிக்கொண்டு பால் பிழிந்து போத்தலில் எடுத்து வைப்பேன். ஒரு நாள் நான் பையைத் திறந்தபோது எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, பால் போத்தலும் வார்ட்டில போடுற சப்பாத்தும் ஒரு பையிலயா?"

"போத்தல் மூடித்தானே இருக்கு."

"மூடியைத் தொட்டுத்தானே திறப்பீங்கள்?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. உடுப்பைத் தனியாகச் சுடுநீரில் தோய்க்கிறேன், வாசலிலேயே சட்டை மாற்றுகிறேன், பிள்ளையைத் தொடுமுன் முழங்கை வரை கழுவுகிறேன். பிள்ளை பெறாத இவள் எனக்குச் சொல்லித் தருகிறாளா? வீட்டுக்குப் போகும் வழி முழுக்க, மெற்றோவிலும் பிறகு எங்கள் லாசால் பகுதிக்குப் போகும் பஸ்ஸிலும், அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை அடுக்கிக்கொண்டு போனேன். மறுநாள் இரண்டு பைகள் கொண்டுபோனேன். அவள் கவனித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதும் எனக்குக் குத்தியது.

நாங்கள் இருவரும் கத்தோலிக்கர். ஞாயிறு தமிழ்ப் பூசையில் அவளைத் தாயோடு காண்பேன். கோவில் வாசலில் தீர்த்தத் தொட்டி. நூறு பேர் விரல் விட்டு எடுத்துச் சிலுவை போடும் தண்ணீர். அதைப் பற்றிப் பங்குச் சுவாமிக்குக் கடிதம் எழுதியிருந்தாள், வழக்கம்போலப் பெயர் போட்டு. தானும் சளி பிடித்திருந்தபோது அதில் விரல் விட்டதாக அதே கடிதத்தில் ஒத்துக்கொண்டும் இருந்தாள். சுவாமி அதைப் பிரசங்கத்தில் பகிடியாகச் சொல்ல, கோவில் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. தாய் முந்தானையால் முகத்தை மூடினாள். அவளோ பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"உந்தப் பெட்டைக்குப் பின்னால பாவசங்கீர்த்தனத்துக்கு நிக்காதையும். பூசை முடிஞ்சு சனம் வீட்ட போயிடும், அவள் இன்னும் முடிச்சிருக்கமாட்டாள்" என்றார் என் கணவர்.

ஏன் இப்படி இருக்கிறாள் என்று நான் காரணம் தேடினேன். சின்ன வயதில் ஏதோ ஒன்றை மறைக்கப்போய் வீட்டில் ஒரு கேடு நடந்திருக்கும் என்று நானாகக் கற்பனை செய்தேன். அகதி முகாம், படகு, சொல்லாமல் விட்ட காய்ச்சல் என்று என்னென்னவோ நினைத்தேன். ஒருநாள் கேட்டும் விட்டேன்.

"அப்பிடி ஒண்டும் இல்லை அக்கா. மறைச்சா அதை ஞாபகத்தில வச்சுக்கொண்டு திரியோணும். எனக்கு அது களைப்பு. எழுதினா என்ர வேலை முடிஞ்சுது."

எங்கள் களப்பயிற்சி வில்லரேயில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நடந்தது. அங்கே ஊசி போடும்போது சோடியில் ஒருவர் போட வேண்டும், மற்றவர் கூர்ப்பொருள் போடும் மஞ்சள் பெட்டியைக் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். பாவித்த ஊசி நேரே பெட்டிக்குள் போக வேண்டும். மூடி போடவே கூடாது. முதல் வாரத்திலிருந்து மதாம் காதில் ஓதியது இது. அந்தக் கேள்வித்தாளில் "ஒருபோதும் இல்லை" என்று நான் புள்ளடி போட்டதும் இதற்குத்தான்.

அன்று ஒரு கிழவருக்கு இன்சுலின் போடுவது என் முறை. வயிற்று மடிப்பைப் பிடித்து ஊசியைப் போட்டு எடுத்தேன். பெட்டியோடு அவள் நடந்து வருவது கண்ணில் பட்டது. அந்த நேரம் அடுத்த கட்டிலில் இருந்த மூதாட்டி செருப்பைத் தேடி எழும்பித் தள்ளாடினாள். இவள் பெட்டியை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு ஓடிப்போய் அவளைத் தாங்கினாள்.

நான் கையில் திறந்த ஊசியோடு நின்றேன். கிழவர் கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். திறந்த கூர் ஒன்றை மூடாமல் பிடித்திருக்க என்னால் முடியவில்லை. வீட்டில் கத்தரிக்கோல், சவர அலகு, தையலூசி எல்லாவற்றையும் மூடி மூடியே ஒன்பது மாதம் பழகிய கை அது. பிள்ளையுள்ள வீட்டில் கூர் திறந்து கிடக்கக்கூடாது. கவனமாக இருக்கிறேன் என்ற நினைப்போடுதான் மூடியை எடுத்து ஊசிக்கு நேரே கொண்டுபோனேன். அது மூடிக்குள் போகாமல் என் இடது பெருவிரலுக்குள் போனது.

கையுறைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி பரவியது. ஊசியைப் பெட்டியில் போட்டேன். கழுவுதொட்டிக்குப் போய்க் கையுறையைக் கழற்றினேன். விரல் தானாக வாய்க்குப் போகப் பார்த்தது, பாதி வழியில் மறித்தேன். சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒரு ஒட்டுத்துணி ஒட்டி, அந்தக் கைக்கு மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டேன். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போய் விரிப்பு மாற்றத் தொடங்கினேன்.

ஏன் சொல்லவில்லை? இதை இன்றைக்கும் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் நிரந்தர வதிவிட மனு அப்போது உள்ளே இருந்தது. உடல் பரிசோதனை முடிந்து பதிலுக்குக் காத்திருந்தோம். கணவரின் தொழிற்சாலையில் ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார்: ஆஸ்பத்திரியில் இப்படியான இரத்தம் எடுத்தால் அது நேரே இமிகிரேசனுக்குப் போகும், கோப்பைத் திரும்பத் திறப்பார்கள். நான் படிப்புக்குச் சேர்ந்த அன்றே கணவர், "ஊசி வேலை கவனம். பேப்பர் வருமட்டும் உம்மட பேர் ஒரு இடத்திலயும் விழக்கூடாது" என்றிருந்தார். பிள்ளைப்பேற்றின்போது எத்தனை தரம் இரத்தம் எடுத்தார்கள், கோப்பை யாரும் திறக்கவில்லையே என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. பயத்தோடு இருக்கிறவளுக்கு வேண்டியது ஞாபகம் வராது.

விரிப்பின் மற்ற முனையை வந்து பிடித்தவள் என் கையைப் பார்த்தாள்.

"ஏன் அக்கா ஒரு கைக்கு ரெண்டு கிளவ்ஸ்?"

"கை குளிருது."

"ஒரு கை மட்டுமா?"

நான் விரிப்பின் மடிப்பை இழுத்துச் சரிசெய்தேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். "குத்திப்போட்டுதா?"

"மெல்லக் கதை."

"பாவிச்ச ஊசியா? எவ்வளவு நேரம்?"

"கால் மணித்தியாலம் இருக்கும். சும்மா ஒரு சின்னக் கீறல். கிழவனுக்கு ஒரு வருத்தமும் இராது."

"அது ஆருக்குத் தெரியும்? மதாமிட்டச் சொல்லோணும் அக்கா."

"சொல்லாத. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். எங்கட பேப்பர் இன்னும் வரேல்ல. ரத்தம் எடுத்தா அவங்களுக்குப் போகுமாம்."

"அப்பிடிப் போகாது."

"உனக்கென்ன, நீ சிற்றிசன். போனா நாங்கள் மூண்டு பேரும் என்ன செய்யிறது?"

அவள் தலையணைக்கு உறையை மாட்டினாள். பிறகு கேட்டாள். "பிள்ளைக்கு இன்னும் பால் குடுக்கிறீங்கள்தானே?"

"அதை நான் பாத்துக்கொள்ளுவன்."

"எப்பிடிப் பாப்பீங்கள்?"

"அதுதான் பாத்துக்கொள்ளுவன் எண்டு சொல்லுறன். நீ உன்ர வேலையைப் பார்."

அவள் தலையாட்டினாள். ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். அடுத்த ஒரு மணித்தியாலம் என் கை விரிப்புகளை மடித்தது, மனம் வீட்டில் இருந்தது. ஐந்தரைக்குப் பிள்ளையைக் கார்டறியில், குழந்தைகள் காப்பகத்தில், தூக்குவேன். வீட்டுப்படி ஏறும்போதே அவள் என் சட்டையை இழுப்பாள். குளித்துவிட்டு, மார்பைச் சுடுநீர்த் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, விரல் படாமல் கொடுத்தால் என்ன? குத்தியது விரலில்தானே. மூன்று மணித்தியாலத்துக்குள் அந்த இரத்தம் பாலுக்கு வந்துவிடுமா? உடற்கூற்றியலில் நல்ல புள்ளி எடுத்தவள் நான். இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரைக்கு மதாம் வந்து என் தோளைத் தொட்டார். கையில் ஒரு படிவம். அது அவளுடைய கையெழுத்து என்று தூரத்திலேயே தெரிந்தது.

நடந்தது என்ற கட்டத்தில்: பாவித்த ஊசிக்கு மூடி போடும்போது சக மாணவியின் இடது பெருவிரலில் குத்தியது. காரணம் என்ற கட்டத்தில்: பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவில்லை, அதைக் கொண்டுவர வேண்டியவள் நான். பாதிக்கப்படக்கூடிய வேறு ஆட்கள்: தாய்ப்பால் குடிக்கும் ஒன்பது மாதக் குழந்தை ஒன்று.

கீழே அவள் கையொப்பம். என் கையொப்பத்துக்கு ஒரு வெற்றிடம்.

அவசரப் பிரிவுக்கு அனுப்பினார்கள். என் இரத்தம் எடுத்தார்கள். கிழவரிடம் சம்மதம் கேட்டு அவருடையதையும் எடுத்தார்கள். "இந்த வயதில் என் இரத்தத்தில் ஏதாவது சுவாரசியமாக இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்" என்றாராம் அவர். அவருடைய முடிவு வரும்வரை பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டாம், பிழிந்து ஊற்றிவிடுங்கள் என்றார் டொக்டர்.

முடிவு வர மூன்று நாள் ஆனது. பிள்ளை போத்தலை வாயில் வைக்கவிடவில்லை. என் மணம் அறிந்து என்னிடம் தாவினாள். நான் தூக்கினால் அழுகை கூடியது. ஆகவே நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க, கணவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தார். கழுவுதொட்டியில் பாலை ஊற்றும்போது குழாயைப் பெரிதாகத் திறந்துவிடுவேன், வெள்ளை நிறம் கண்ணில் படாமல் இருக்க.

"ஆர் எழுதினது? உந்தப் பெட்டையா?" என்றார் கணவர். "எங்கட சனம் எங்க போனாலும் மாறாது. காட்டிக் குடுத்துத்தான் பழக்கம்."

அந்தச் சொல்லின் பாரம் எங்கள் ஊர்க்காரருக்குத்தான் தெரியும். இராணுவச் சுற்றிவளைப்பில், சாக்கால் மூடிய தலை ஒன்று மேலும் கீழும் ஆடினால் ஓர் ஆள் இல்லாமல் போன இடத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். அப்படிச் சொல்லாதையுங்கோ என்று நான் மறுத்திருக்க வேண்டும். அவள் தலையை மூடிக்கொண்டு எழுதவில்லை, பெயரைப் போட்டுத்தான் எழுதினாள் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் தலையாட்டினேன்.

நான்காம் நாள் தொலைபேசி வந்தது. கிழவரின் இரத்தத்தில் ஒன்றும் இல்லை. பால் கொடுக்கலாம். அழைத்த தாதியிடம், இது இமிகிரேசனுக்குப் போகுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "போகாது. எங்கள் அடுத்த மாடிக்கே இதைச் சொல்லமாட்டோம்" என்று சிரித்தாள். அடுத்த இளவேனிலில் எங்கள் பேப்பர் வந்தது.

இதற்குள் வேறொன்று நடந்திருந்தது. அந்தக் களப்பயிற்சியில் அவள் பெயரில் எழுத்தில் பதிவான குறைகள் மூன்று சேர்ந்திருந்தன. மூன்றும் அவளே எழுதிக் கொடுத்தவை: மோதிரத்தைக் கழற்ற மறந்தது, மருந்தறையில் இனிப்புத் தின்றது, பெட்டி கொண்டுவராதது. மூன்று சேர்ந்தால் பயிற்சியைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது விதி. மூடி போட்ட எனக்கு ஒரு எச்சரிக்கை மட்டும், அது என் முதல் குறை.

அவளைத் தண்டிக்க மதாமுக்கு மனம் இருக்கவில்லை என்று நினைக்கிறேன். என்னைத் தனியே கூப்பிட்டார். "அவள் பெட்டியை ஏன் அங்கே வைத்தாள்? காரணம் ஏதாவது இருந்ததா? உனக்குத் தெரிந்தால் அது உதவும்."

விழப்போன மூதாட்டியைத் தாங்க ஓடினாள் என்று ஒரு வரி சொன்னால் போதும். என் மார்பில் அப்போதும் பால் கட்டி நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"நான் கவனிக்கவில்லை, மதாம்" என்றேன்.

முடிவு எழுதியான பிறகு, அந்த மூதாட்டியிடம் நடந்ததைக் கேள்விப்பட்ட ஹெயிட்டிக்காரப் பெண்தான் அவளைப் பிடித்து உலுக்கினாள். "ஏய் பொலிஸ், அந்தக் கிழவியைப் பிடித்ததை நீ ஏன் எழுதவில்லை?" அவள் சொன்ன பதில் எனக்கும் கேட்டது. "விழப்போனவளைப் பிடித்தது பிழை இல்லையே. பிழையைத்தானே எழுதச் சொன்னார்கள்."

நாங்கள் படிப்பை முடித்துப் படம் பிடித்தபோது அவள் அதில் இல்லை. மீதி மாதங்களில் நான் அவளோடு தேவைக்குமேல் பேசவில்லை. கோவிலிலும் மறுபக்க வாங்கில் போய் இருந்தேன். அவள் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் தலையைத் திருப்பி என் பிள்ளையை ஒருமுறை பார்ப்பாள்.

ஒன்றரை வருடம் கழித்து லாசாலில் ஒரு பஸ் தரிப்பில் அவளைக் கண்டேன். பனி உருகி நடைபாதையெல்லாம் சேறு. மேலங்கிக்குக் கீழே நீலச் சீருடை தெரிந்தது. வேலை கிடைத்துவிட்டதாம், வீடு வீடாகப் போய் முதியோரைப் பார்க்கும் வேலை. தள்ளுவண்டியில் இருந்த என் மகளுக்குக் குனிந்து கையாட்டினாள். மகள் "போன்ஜூர்" என்றாள். அவள் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"வளந்திட்டா. பால் மறந்திட்டாவா அக்கா?"

"ஒன்றரை வயசில விட்டவ."

"நல்லது."

இருவரும் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் முந்திவிட்டாள்.

"ஒண்டு கேக்கட்டா அக்கா? கோவிக்கக்கூடாது."

"கேள்."

"பயிற்சியை ரெண்டாந்தரம் செய்யேக்க முழுக்க இதைத்தான் யோசிச்சன். நான் எழுதினது உங்களுக்காக இல்லை. நீங்கள் வளந்த ஆள், உங்கட ரத்தம் உங்கட விருப்பம். பிள்ளைக்குக் குடுத்திடுவீங்களோ எண்ட பயத்திலதான் எழுதினன். நீங்கள் எப்பிடியும் குடுத்திருக்க மாட்டீங்கள் எண்டா, நான் உங்களோட இன்னொருக்காக் கதைச்சிருக்கலாம். நீங்களாச் சொல்லுமட்டும் பாத்திருக்கலாம். அப்ப நான் செய்தது பிழை." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் எழுதாம விட்டிருந்தா, அண்டைக்குப் பின்னேரம் பால் குடுத்திருப்பீங்களா?"

சுடுநீர்த் துணியும், துடைக்கும் விதமும், எந்தப் பக்கத்தால் முதலில் கொடுப்பது என்பதும்கூட அன்று நான் தீர்மானித்து வைத்திருந்தேன். அது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். மகள் தள்ளுவண்டிக்குள்ளிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சீச்சீ. குடுத்திருக்க மாட்டன்" என்றேன். "நான் என்ன, படிச்சனான்தானே."

அவள் நம்பினாள். நம்பியது முகத்தில் தெரிந்தது. கண்ணை நிலத்துக்குத் தாழ்த்தி, எதையோ கூட்டிக் கழித்து முடித்தவள் போலத் தலையை அசைத்தாள்.

"அப்ப நான்தான் அவசரப்பட்டிட்டன். உங்களைப் பிழையா நினைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. அவள் குனிந்து தள்ளுவண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, சேறு படாமல் உள்ளே ஏற்றிவிட்டாள்.

"பரவாயில்லை" என்றேன்.